அசமன்பாடு: குறியை எப்போது திருப்புவது, எப்போது விடுவது

சமன்பாட்டைச் சரளமாகப் போடும் பிள்ளைகூட, சமக்குறிக்குப் பதில் 'சிறியது', 'பெரியது' என்ற குறி வரும் அசமன்பாட்டில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவதுண்டு. சமன்பாட்டில் பழகிய கை இங்கேயும் ஒற்றை விடையைத் தேடும். க < 4 என்றால் 3, 0, −100, 3.99 எல்லாமே விடைதான். இதைப் பிள்ளை மனத்தில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் பாதித் தவறுகள் வராது. (நோட்டில் எக்ஸ் என்று இருக்கும் தெரியாத எண்ணை இங்கே 'க' என்று வைத்துக்கொள்கிறேன்.)

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலேயே இந்தப் பாடம் வந்துவிடுகிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்குத் தாங்கள் படித்த பாணி ஒன்று இருக்கும்: "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்." பெரும்பாலான குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பேன். க + 5 < 2 என்ற கணக்கில் 5 அந்தப் பக்கம் போனால் −5 ஆகும், சரி. ஆனால் நடுவில் நிற்கும் < அசையக் கூடாது. பிள்ளையோ இரண்டையும் மாற்றி க > −3 என்று எழுதிவிடும். சரியான விடை க < −3. "அந்தப் பக்கம் போகும்" என்பதை விட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் 5ஐக் கழி" என்று சொல்லிப் பழக்குங்கள்.

இந்த வகைக் கணக்கைத் தீர்க்கும்போது நடுக்குறி திரும்புவது, இரண்டு பக்கத்தையும் மைனஸ் எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் மட்டும். ஏன் என்று காட்டாமல் இதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 2 < 5 என்பதை எடுத்துக்கொண்டு இரண்டையும் −1ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பூஜ்யத்துக்கு வலப்பக்கம் அதிக தூரத்தில் இருந்த 5, இப்போது இடப்பக்கம் அதிக தூரத்துக்குப் போய்விட்டது. அதனால் −2 > −5. எண்கோட்டில் பிள்ளை தானே இதை வரைந்து பார்த்தால் விதி மறக்காது.

விதி தெரிந்த பிள்ளைகளும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். 3க < −12 என்று பார்த்தால், மைனஸ் கண்ணில் பட்டதுமே குறியைத் திருப்பிவிடுகிறார்கள். வகுப்பது 3ஆல்தானே? அது ப்ளஸ் எண். எனவே க < −4. மாறாக −3க < 12 என்றால் −3ஆல் வகுக்கிறோம். அப்போது க > −4. சந்தேகம் வந்தால் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. இந்தக் கடைசிக் கணக்கில் 0 போட்டால் 0 < 12, உண்மை. விடையிலும் 0 இருக்கிறது. சில நொடி வேலை, ஆனால் தேர்வில் பலர் செய்வதில்லை.

மைனஸால் வகுப்பதைத் தவிர்க்கவும் முடியும். 7 − 2க ≥ 1 என்பதில் இரண்டு பக்கமும் 2க கூட்டி, 1ஐக் கழித்தால் 6 ≥ 2க, அதாவது 3 ≥ க. குறியைத் திருப்பவே தேவையில்லை. ஆனால் விடையை எண்கோட்டில் வரையும்போது கவனம் வேண்டும்: குறியின் கூர்முனை வலப்பக்கம் இருப்பதால் அம்பையும் வலப்பக்கமே போட்டுவிடுகிறார்கள். முதலில் அதையே வலமிருந்து இடமாகப் படித்து க ≤ 3 என்று எழுதிக்கொண்டு, அப்புறம் இடப்பக்கம் அம்பு போடுவதே பத்திரம்.

அடுத்து, எண்கோட்டில் எல்லை எண்ணின்மேல் போடும் வட்டம். <, > என்றால் உள்ளே வெறுமையான வட்டம். ≤, ≥ என்றால் நிரப்பிய வட்டம். < > குறிகள் ஆங்கிலக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் எழுதி, அவர் மறைந்தபின் 1631இல் வெளிவந்த நூலில் அச்சேறின. கீழே சமக்குறி சேர்ந்த வடிவத்தை 1734இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே பயன்படுத்தினார். ≤, ≥ குறிகளின் கீழே உள்ள சிறு கோடு எல்லை எண்ணையும் விடைக்குள் சேர்க்கிறது. சிங்கப்பூரில் ஓட்டுப் போட வயது 21 ஆகியிருக்க வேண்டும். 21 ஆனவருக்கும் ஓட்டு உண்டு, எனவே நிரப்பிய வட்டம். 90 கிலோமீட்டர் வரம்புள்ள விரைவுச்சாலையிலும் 90க்கு நிரப்பிய வட்டம்தான், ஆனால் அம்பு இடப்பக்கம் முடிவில்லாமல் போகாது. வேகம் பூஜ்யத்துக்குக் கீழே போகாதே! அங்கே கோடு 0இல் நிற்க வேண்டும்.

3 < 2க + 1 ≤ 9 போன்றவற்றில் 1ஐ மூன்று இடத்திலும் கழிக்க வேண்டும். ஒரு பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. விடை 1 < க ≤ 4. கூடுதல் கணிதம் எடுப்பவர்கள் க² < 9 என்பதற்கு க < ±3 என்று எழுதக் கூடாது. −3 < க < 3 என்பதே சரி.

கடைசியாக, வாக்கியக் கணக்கு. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் 20 வெள்ளியோடு சாப்பிடப் போகிறோம், கறி 7 வெள்ளி, ஒரு புரோட்டா 1.50 என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் புரோட்டாக்களின் எண்ணிக்கை க. 1.5க + 7 ≤ 20 என்பதைத் தீர்த்தால் க ≤ 8.67 வரும். பழக்கத்தில் அதை 9 ஆக்கிவிடுவார்கள். ஒன்பது புரோட்டாவுக்கு 20.50 வெள்ளி ஆகும், காசு போதாது. விடை 8. இதுவே 40 பேர் அமரும் பேருந்தில் 130 மாணவர்களை அழைத்துப்போகும் கணக்கானால், பேருந்துகளின் எண்ணிக்கை க ≥ 3.25. அங்கே கீழே இறக்கி 3 என்று எழுதினால் பத்துப் பேர் பள்ளியிலேயே நிற்பார்கள். 4 பேருந்து வேண்டும்.