'டைடு ஓவர்': மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் புதிதாக வருகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலையில் பாதி. கடலில் பிறந்து கரைக்கு வந்த வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். எங்கள் தலைமுறை இடறிய அதே சொற்களில்தான் இப்போது வருகிறவர்களும் இடறுகிறார்கள். அகராதியைப் புரட்டினாலே தீர்ந்துவிடும் பிழைகளை விட்டுவிடுகிறேன். 'டைடு ஓவர்' (tide over) என்றால் இன்றைய வழக்கில், வரவேண்டியது வரும் வரை இடையில் உள்ள நாட்களைத் தள்ள உதவுவது. இது போன்ற சொற்களில் அகராதியைப் பார்த்த பிறகும் நடக்கும் தவறுகள் உண்டு, அவற்றைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஓதத்தை அலை ஆக்குவது

'டைடு' என்பது ஓதம். நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வது. அலை பெரும்பாலும் காற்றால் எழுவது, அது வேறு. பல கடற்கரைகளில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏற்றம், பிறகு அதே அளவு வற்றம். இந்த மாறி மாறி வரும் கணக்கு மனதில் இல்லாவிட்டால் 'டைடு ஓவர்' பிடிபடாது. அலை என்று நினைத்துக்கொண்டால், ஏதோ பேரலையைத் தாண்டிக் குதித்த வீரச்செயல்போல எழுதத் தோன்றும்.

நங்கூரத்தை மறப்பது

ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் ஜான் ஸ்மித் 1627-இல் வெளியிட்ட கடல் தொழில் நூலில் இந்தச் சொல்லுக்கு நேரடியான விளக்கம் இருக்கிறது. ஏற்றமோ வற்றமோ, நாம் போகும் திசைக்குச் சாதகமாக ஓடும்போது அதோடு போக வேண்டும். எதிராகத் திரும்பினால் நங்கூரம் போட்டு, அடுத்த ஓதம் வரும் வரை நிற்க வேண்டும். இப்படிப் போய்ச் சேர்வதுதான் 'டைடு ஓவர்'.

பாய்க்கப்பலுக்குக் காற்று இல்லாதபோதும், எதிர்க்காற்று வீசும்போதும் இதுதான் வழி. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில், லண்டனின் தென்மேற்கில் உள்ள டெடிங்டன் வரை கடலின் ஓதம் ஏறும். லண்டனை நோக்கி ஆற்றில் மேலேறும் பாய்க்கப்பல் அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு போகும். நீர் திரும்பியதும் நங்கூரத்தை இறக்கவில்லை என்றால், வந்த தூரமெல்லாம் வீணாகிவிடும். ஆகவே நகர்வதைப் போலவே நிற்பதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

பழைய கடற்பயணக் குறிப்புகளில் இந்தச் சொல் வந்தால் இந்த நேர்ப்பொருளைத்தான் எடுக்க வேண்டும். 'சிரமங்களைச் சமாளித்து அடைந்தோம்' என்று ஒரு பிரதியில் பார்த்தேன். மாலுமி அங்கே சிரமம் எதையும் சொல்லவில்லை. ஓதத்தோடு ஓடியும் நங்கூரமிட்டுக் காத்திருந்தும் போனோம் என்று கப்பல் வந்த விதத்தைத்தான் எழுதியிருந்தார்.

'மீண்டார்கள்' என்று எழுதுவது

எனக்கு இன்றும் கோபம் வரவழைப்பது இதுதான். இதை நடைக்குறை என்று விட்டுவிட முடியாது. படிக்கிறவர்களின் பணத்தையும் உரிமையையும் தொடுகிற தவறு இது.

ஒரு விபத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஓர் அமைப்பு அனுப்பிய கடிதத்தின் தமிழ் வடிவம் என்னிடம் வந்தது. அதற்குள் வீடுவீடாகக் கொடுத்து முடித்திருந்தார்கள். இழப்பீடு வந்து சேரும் வரை குடும்பங்களை 'டைடு ஓவர்' செய்ய ஒரு சிறு தொகை தருகிறோம் என்பதுதான் ஆங்கிலம். தமிழில் 'குடும்பங்கள் இழப்பிலிருந்து மீள்வதற்காக இத்தொகை வழங்கப்படுகிறது' என்று இருந்தது. 'வரை' என்ற சொல்லையே காணோம்.

மொத்த இழப்பீடே இவ்வளவுதான் போலிருக்கிறது என்று பலர் நினைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் பிறகு எதுவும் கேட்க முடியாதோ என்று பயந்து, சிலர் பணத்தையே வாங்கவில்லை. அவர்களுக்குப் பணம் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. திருத்திய கடிதம் போன பிறகும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. "அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள், இன்றைக்கு வேறொன்று சொல்கிறீர்களே" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

மொழிபெயர்த்தவர் அக்கறையில்லாதவர் அல்ல. 'இடரைக் கடக்க உதவுதல்' என்று குறித்துவைத்திருந்தார். அதில் 'கடக்க' என்பதைப் பிடித்துக்கொண்டார், 'உதவுதல்' நழுவிவிட்டது. 'டைடு ஓவர்' வரும் இடத்தில் பிரச்சினை தீர்ந்திருக்காது. இப்போதைக்கு ஒரு தட்டுப்பாடு இருக்கும், பின்னால் ஏதோ ஒன்று வரவேண்டியிருக்கும், நடுவில் உள்ள நாட்களைத் தள்ள ஓர் உதவி கிடைத்திருக்கும். சம்பளம், அறுவடை, காப்பீட்டுப் பணம் என்று எதுவாக இருந்தாலும், அந்த 'வரவேண்டியது' வாக்கியத்தில் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் அது சொல்லப்படாமலேயே உணரப்படும். தமிழில் 'வரை', 'வரைக்கும்', 'அதுவரை' என்று ஏதாவது ஒன்றை எழுதியே ஆக வேண்டும்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. 'சம்பளம் வரும் வரை இந்தப் பணம் கைகொடுக்கும்' என்பது அரசுக் கடிதத்திலும் வரலாம், கதையிலும் வரலாம். பசிக்குக் கொஞ்சம் சாப்பிடுவதைச் சொன்னால் 'மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்கும்'. கதைமாந்தர் பேச்சில் 'இந்த மாசத்தை ஓட்டிடலாம்' வெகு இயல்பு. 'ஒப்பேற்றுவது' அழகான சொல்தான், ஆனால் அரைகுறையாகச் செய்கிற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. நிவாரணக் கடிதத்தில் அதைப் போட்டால் வாங்குகிறவர்களைப் புண்படுத்தும்.

யார் யாரைக் கரைசேர்ப்பது என்று பார்க்காதது

இன்றைய பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கில் உதவி எழுவாயாகவும் ஆள் செயப்படுபொருளாகவும் வருவதுதான் பெரும்பான்மை. 'திஸ் வில் டைடு மீ ஓவர்' என்பார்கள். 'மீ' நடுவில்தான் வரும். 'டைடு ஓவர் மீ' என்று எழுதினால் தவறு.

இந்திய ஆங்கிலச் செய்திகளில் ஆளுக்குப் பதில் நெருக்கடியே செயப்படுபொருளாக வந்து உட்காரும்: 'டைடு ஓவர் த க்ரைசிஸ்'. பழைய பிரிட்டிஷ் எழுத்திலும் இது உண்டு, பிழை என்று அடிக்க வேண்டியதில்லை. மொழிபெயர்க்கும்போது மட்டும் வித்தியாசம் பார்க்க வேண்டும். ஆள் வந்தால் 'கைகொடுத்தது', நெருக்கடி வந்தால் 'சமாளித்தார்கள்'. இரண்டிலும் 'மீண்டார்கள்' அவசரம்தான்.

'பெயில் அவுட்'டோடு குழப்புவது

படகுக்குள் புகுந்த நீரை வாளியால் இறைத்துக் கொட்டுவது 'பெயில் அவுட்'. மூழ்கப்போகிறதைக் காப்பாற்றுவது என்ற உருவகப் பொருளும் அதற்கு உண்டு. 2008 அக்டோபரில் அமெரிக்க அரசு நிதி நிறுவனங்களுக்காக 70,000 கோடி டாலர் வரை செலவிடச் சட்டம் இயற்றியபோது, எல்லோரும் பயன்படுத்திய சொல் 'பெயில் அவுட்'. அங்கே போய் 'கைகொடுத்தது' என்று எழுதினால் ஆபத்தின் அளவே தெரியாது. 'பெயில்' என்றதும் 'ஜாமீன்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

கட்டப்பட்ட 'டைடு'

ஓதத்தைக் குறிக்கும் 'டைடு' (tide), 'கட்டப்பட்ட' என்று பொருள்படும் 'டைடு' (tied) இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே, எழுத்து வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது கவனம்.

'கீல் ஓவர்'

படகு அடிப்புறம் தெரியக் கவிழ்வது. மனிதருக்கு வந்தால் திடீரென்று சாய்ந்து விழுவது. மெல்லத் தளர்ந்து உட்கார்கிறவருக்கு இது பொருந்தாது.

'பைப் டவுன்'

இரவில் கப்பலில் ஊதல் ஊதி எல்லோரையும் அடங்கச் சொன்னதிலிருந்து வந்தது. இன்று 'சத்தம் போடாதே' என்று அதட்டுவது. மாணவன் ஆசிரியரிடம் சொன்னால் மரியாதைக்குறைவு, அந்தக் கடுமை தமிழிலும் தெரியட்டும்.

'காஸ்ட் ஆஃப்'

கப்பல் புறப்படும் காட்சியில் கேப்டன் இப்படிக் கத்தினால், கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறார். எதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. பழைய உடைக்கு வந்தால் கழித்துக்கட்டுவது. கம்பளிப் பின்னல் குறிப்பில் வந்தால், கடைசி வரிசைக் கண்ணிகள் பிரியாதபடி முடித்து ஊசியிலிருந்து எடுப்பது.