நாட்சம்பளக் கோரிக்கை எழுதுவது எப்படி: விலை, கிலோ, நாள்

யுத்தம் முடிந்து 13 வருடத்தில், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரே வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் 94.9. தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளமோ அப்போதும், 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை (குறைந்தபட்சச் சம்பளத்தை முடிவு செய்யும் சபை) போட்ட அதே 1,000 ரூபாய். இப்படியொரு காலத்தில் கோரிக்கை எழுத உட்காரும் தோட்டக் கமிட்டிக்கு இந்தக் குறிப்பு.

முதலில் விலைக் கணக்கு, அந்த 2022 செப்டம்பரையே உதாரணமாக வைத்து. பொது விலையேற்றத்தைப் பிடித்தால் 1,000 ரூபாய் 1,698 ஆக வேண்டும். சாப்பாட்டு விலையைப் பிடித்தால் 1,949. தோட்டக் குடும்பத்தின் செலவில் பெரும்பங்கு அரிசி, மா, பருப்பு, தேங்காய்தான். அதனால் சாப்பாட்டு விலையைப் பிடித்த கணக்கைத் தயங்காமல் முன்வையுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே கடையில், ஒரே தேதியில், ஒரே சாமான் வாங்கி பில்லைச் சேர்த்து வைத்தால் பேச்சுவார்த்தை மேசையில் அது பேசும்.

கம்பனித் தரப்பு “பணவீக்கம் இறங்கிவிட்டதே” என்று சொல்லும். 2023 செப்டம்பரில் அது 1.3 சதவீதம். இறங்கியது விலை ஏறும் வேகம்தான். ஏறிய விலை அப்படியே நிற்க, அதற்கு மேல் இன்னும் 1.3 சேர்கிறது. 1,698 என்பது 1,720 ஆகிறதே தவிர, குறைவதில்லை.

பெரும்பாலான கோரிக்கைகள் தோற்கும் இடம் கிலோ. 1,000 ரூபாய் வந்த பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார்கள். 18 கிலோவுக்கு 1,000 என்றால் கிலோவுக்கு 55 ரூபாய் 55 சதம். அதையே 22 கிலோ ஆக்கினால் 45 ரூபாய் 45 சதம். நாட்சம்பளத்தில் கை வைக்காமலே சம்பளம் குறைந்துவிடுகிறது. கிலோ எட்டாத அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபின் செடியில் கொழுந்தே குறைந்தது. அதற்கான தண்டனையும் பறிக்கிற பெண்ணின் தலையில் விழுந்தது. ஆகவே ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் எத்தனை கிலோ என்பதைக் கோரிக்கையிலேயே எழுதுங்கள். சங்கம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அது மாறக் கூடாது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற எடைக்கும் உச்சவரம்பு கேளுங்கள். நிறுக்கிற இடத்தில் தொழிலாளியின் கையிலும் எடை எழுதிய துண்டுச்சீட்டு இருக்க வேண்டும்.

அடுத்தது நாள். மாதம் 25 நாள் பேர் (வேலை) உறுதி என்ற வரி இல்லாத சம்பள உயர்வை, 15 நாள் வேலை கொடுத்தே செல்லாக்காசாக்கிவிடலாம். 1,700 ரூபாயில் 15 நாள் 25,500. 1,000 ரூபாயில் 25 நாள் 25,000. வித்தியாசம் வெறும் 500.

உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். 350 ரூபாயை ஊக்கத்தொகை என்ற பெயரில் தந்து சேமலாப நிதிக் (EPF) கணக்கில் சேர்க்காவிட்டால், 25 நாளுக்கு 8,750 ரூபாய் வெளியே நிற்கிறது. அதில் முதலாளி கட்ட வேண்டிய 12 சதவீதம் 1,050, நம்பிக்கை நிதியத்தின் (ETF) 3 சதவீதம் 262 ரூபாய் 50 சதம். மாதாமாதம் சேரும் இந்த இழப்பு ஓய்வுகாலத்தில்தான் தெரியவரும்.

அடுத்து, கோரிக்கையைக் கொடுக்கிற வழி. எந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசுகிறீர்களோ அவர்களில் 40 சதவீதத்தினர் உங்கள் சங்கத்தில் இருந்தால், முதலாளி பேச மறுப்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி தவறு. தோட்டத்தில் மூன்று சங்கம் இருந்து ஒன்றுக்கும் 40 எட்டாவிட்டால் அந்தப் பலம் போய்விடும்; சந்தாப் பட்டியலை முதலில் எண்ணி, எட்டாது என்றால் கடிதம் போகுமுன்பே யாரோடு சேர்வது என்று முடிவு செய்யுங்கள். முதலாளி மறுத்தால் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிட்டு சமரசப் பேச்சு கேளுங்கள்.

சம்பள நிர்ணய சபை வழியாகப் போனால், வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்தவுடன் வெற்றி என்று மேளம் அடிக்க வேண்டாம். 2024இல் 1,700 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் (Supreme Court) போய் ஜூலையில் இடைக்காலத் தடை வாங்கின. செப்டம்பரில் நிர்ணயமானது 1,350. கிலோவையும் நாளையும் தோட்ட மட்டத்தில் எழுதி வாங்கியிருந்தால், வழக்கு நடக்கிற மாதங்களிலும் அவை கையில் இருக்கும்.

வேலைநிறுத்தம் என்று வந்தால், உங்கள் தொழில் அத்தியாவசியக் கைத்தொழிலாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால் 21 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தலின் பிரதியில் தோட்ட அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்; வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் போடுங்கள்.