டிக்கெட்டுக்கு முன்னால் விசாவைப் பாருங்கள்

போன மாதம் சித்தப்பா மகன் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினான். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, சம்பளம் 80,000, சாப்பாடும் ரூமும் இலவசம், டிக்கெட்டும் அவர்களே போட்டுத் தருவார்களாம். டெலிகிராமில் பத்து நிமிஷ இன்டர்வியூ, இங்கிலீஷ் வருமா, டைப்பிங் வேகம் எவ்வளவு, அவ்வளவுதான். "பணமே கேட்கலையே அண்ணே, அப்புறம் எப்படி மோசடி?" என்றான். பணம் கேட்டால்தான் மோசடி என்று பழகிவிட்டோம். இந்தக் கும்பலுக்கு வேண்டியது ஆள்.

பாங்காக்கில் இறங்கியதும் கார் வரும், இரவோடு இரவாக மே சோட் என்கிற எல்லை ஊருக்குக் கொண்டுபோவார்கள், மோய் ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆன்லைனில் ஊரை ஏமாற்றும் வேலையில் உட்கார வைப்பார்கள். விசா இல்லாமல் ஆற்றைத் தாண்டியதால் போலீசிடம் போகவும் பயம். 2025 மார்ச்சில் இப்படிச் சிக்கிய 500 பேருக்கு மேல் விமானப்படை விமானங்களில் மே சோட்டிலிருந்து திரும்பினார்கள். கம்போடியா, லாவோஸ் பக்கமும் இதே கதைதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் விசா. வேலைக்குப் போகிறவருக்கு வேலை விசா வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். என் கணக்கில் இந்த ஒரு கேள்வியிலேயே பாதி ஏஜென்ட்கள் கழன்றுகொள்வார்கள்.

அடுத்தது லைசென்ஸ். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிந்திருக்க வேண்டும், அந்த எண்ணை ஆபீஸிலும் விளம்பரத்திலும் போட வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி, அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் அனுப்பும் லிங்க்கில் போய்ப் பார்க்காதீர்கள். பெயர் இருந்தாலும் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, முகவரி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நல்ல ஏஜென்சியின் எண்ணைத் திருடிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. தளத்தில் இருக்கும் போன் நம்பருக்கே கூப்பிட்டு "இவர் உங்கள் ஆள்தானா?" என்று கேட்டுவிடுங்கள். ஊரில் சுற்றும் 'சப்-ஏஜென்ட்' அண்ணாச்சிக்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது.

கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது, ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்டால் வேறு விசாரணையே தேவையில்லை. யாரையும் நம்பப் பயமாக இருந்தால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

படித்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்தாவது பாஸ் ஆகாதவர் வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும், அப்போது ஒப்பந்தத்தை ஒருவராவது பார்ப்பார். பிஇ, பிஎஸ்சி முடித்தவருக்கு அந்தச் சோதனையே கிடையாது. கும்பல் தேடுவதும் இங்கிலீஷ் தெரிந்த அவர்களைத்தான்.

கிளம்புவது என்று முடிவாகிவிட்டால் ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், ஏஜென்ட் நம்பர் எல்லாவற்றின் நகலையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கிய இடத்திலிருந்து கார் ஊரை விட்டு வெளியே ஓடிக்கொண்டே இருந்தால் லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூட்டம் உள்ள பெட்ரோல் பங்க்கில் இறங்கி, இந்தியத் தூதரகத்துக்குப் போன் போடுங்கள். அந்த நம்பரை ஊரிலேயே சேமித்து வைத்திருக்க வேண்டும். இங்கேயே பணத்தைக் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.

தம்பி லைசென்ஸ் எண்ணைக் கேட்டான். அரை மணி நேரத்தில் அவனை பிளாக் செய்துவிட்டார்கள்.