‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று உரிமம் கொடுக்காதீர்கள்

படம் வரைந்தும் எடுத்தும் இணையத்தில் போடத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். அடுத்தவர் படத்தைச் சுடாதே என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுவோம்.

காப்பிரைட் முத்திரை இல்லையென்றால் உரிமை இல்லை என்று நினைப்பது

முத்திரை இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1908-இல் திருத்தப்பட்டதிலிருந்து, அதில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு, முத்திரை என்று எந்தச் சம்பிரதாயமும் தேவையில்லை.

உரிமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது

இதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் மூட்டுவது. பதிவேற்றும்போது உரிமப் பட்டியல் விரியும். படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸில் ‘பெயர் குறிப்பிட்டால் போதும்’ என்பதைத் தட்டிவிடுவார்கள். கேட்டால், அப்புறம் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஓவியர் அப்படித்தான் ஒரு பறவைப் படத்தைப் போட்டார். அது ஒரு புத்தகத்தின் அட்டையில் வந்தது. பின்னட்டையின் உள்மடிப்பில் பொடி எழுத்தில் அவர் பெயர், உரிமத்தின் இணைப்பு, ‘ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளன’ என்ற குறிப்பு. உரிமம் கேட்டது அவ்வளவுதான். வணிகத்துக்குப் பயன்படுத்தவும் அதிலேயே அனுமதி உண்டு. அவர் பதறிப்போய்த் தன் பக்கத்தில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று மாற்றிவிட்டு, பணம் கேட்டு எழுதினார். பதிப்பாளர் பழைய உரிமம் தெரியும் திரைப்பிடிப்பை அனுப்பிவைத்தார். கதை முடிந்தது.

அந்த உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது. பக்கத்தையே நீக்கினாலும், உரிமத்தோடு படத்தைப் பெற்றவர் நிபந்தனையை மீறாதவரை பயன்படுத்தலாம். சின்ன அளவுப் படத்துக்கு மட்டும்தானே கொடுத்தேன் என்ற வாதமும் நிற்கும் என்று நம்ப வேண்டாம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே படைப்பானால், பெரிய கோப்புக்கும் சேர்த்தே கொடுத்ததாக ஆகிவிடலாம்.

தயக்கம் இருந்தால் வணிகம் சாராத பயன்பாட்டுக்கான உரிமம் கொடுங்கள். அதைக் கொடுத்தபின்னும் உங்கள் படத்தை நீங்கள் விற்கலாம், கேட்பவருக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு அனுமதி தரலாம். தளர்த்துவது எப்போதும் முடியும், இறுக்குவதுதான் முடியாது.

மூலக் கோப்பை அழிப்பது

வேண்டவே வேண்டாம். பல தளங்கள் படத்தைச் சுருக்கி, உள்ளே பதிந்த தேதியையும் பெயரையும் உருவிவிடும். படம் உங்களுடையது என்று காட்ட மூலக் கோப்புதான் கைகொடுக்கும். படத்தின் அடுக்குகள் (லேயர்கள்) தனித்தனியாகப் பிரிந்திருக்கும் அந்தக் கோப்பு, படத்தைத் திருடியவரிடம் இருக்காது.

புகாரில் புலம்புவது

1998-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி தளங்களுக்கு அனுப்பும் நீக்கக் கோரிக்கையில் உங்கள் படைப்பு எது, திருட்டு நகல் எந்த முகவரியில், உங்கள் தொடர்பு விவரம், சொல்வது உண்மை என்ற உறுதிமொழி, கையொப்பம். இவ்வளவு போதும்.