ஐபிஎஸ் வயிற்றுக்கு ஒத்துவரும் உணவைக் கண்டுபிடிப்பது எப்படி? விலக்குவது சுலபம், திரும்பச் சேர்ப்பதில்தான் வேலை

ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறி என்று மருத்துவர் சொல்லியாயிற்று, "ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிடாதீங்க" என்று அனுப்பியும் ஆயிற்று. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகப்போகிறோம்? அதைக் கண்டுபிடிக்க நான் பின்பற்றிய வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஃபாட்மேப் முறை. ஃபாட்மேப் எனப்படும் சில வகைச் சர்க்கரைகளைக் கொஞ்ச நாள் விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் அது. நோய் என்ன, ஏன் வருகிறது என்ற பாடமெல்லாம் வேண்டாம், அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இரத்தப் பரிசோதனையையும் கோதுமையை நிறுத்தும் முன்பே எடுத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வர வாய்ப்புண்டு.

படி 1: எழுதுங்கள்

இரண்டு வாரம், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு என்ன செய்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இதற்கு எத்தனையோ செயலிகள் இருக்கின்றன, எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பத்துக் கேள்வி கேட்டு முகபாவப் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குள் சாப்பிட்டதே மறந்துவிடும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். தூக்கம், மன அழுத்தம், பெண்கள் என்றால் மாதவிடாய் நாள்கள், இவற்றையும் எழுதுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

படி 2: முதலில் சின்ன மாற்றங்கள்

நேரத்துக்குச் சாப்பிடுவது, அவசரமில்லாமல் மெல்வது, காபி, டீயை நாளுக்கு மூன்று கோப்பைக்குள் நிறுத்துவது, மது, காரம், எண்ணெய்ப் பண்டங்களைக் குறைப்பது. பழம் நல்லது என்று ஒரே வேளையில் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடுகிறவர்கள், எண்பது கிராம் அளவில் நாளுக்கு மூன்று முறை என்று பிரித்துக்கொள்ளலாம். கோதுமைத் தவிட்டை நிறுத்துங்கள், பலருக்கு அது வயிற்றுவலியையும் உப்புசத்தையும் கூட்டும். நார்ச்சத்து வேண்டும் என்றால் ஓட்ஸ், இசப்கோல் போன்ற கரையும் வகை மேல். கொஞ்சம் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். அப்படியானால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே போக வேண்டாம்.

படி 3: விலக்குவது

இந்த ஃபாட்மேப் சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் நரம்புகள் அந்த உப்பலைக் கூடுதலாக உணர்வதால் நமக்கு வலிக்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பயறு வகைகள், தேன், ஆப்பிள், காளான், சர்பிடால் என்ற இனிப்புப் பொருள் போட்ட சர்க்கரையில்லா மிட்டாய் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை, மீன், இறைச்சி, கேரட், வெள்ளரி, ஆரஞ்சு, லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பால், கெட்டியான பாலாடைக்கட்டி ஆகியவை தாராளம்.

முழுப் பட்டியலுக்கு மோனாஷின் செயலியையே வாங்கிவிடுங்கள். காசு கொடுக்க வேண்டும்தான், ஆனால் இணையத்தில் சுற்றும் இலவசப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும், அளவும் சொல்லாது. இந்த முறையில் அளவுதான் எல்லாம். பழுக்காத வாழைப்பழம் ஒத்துக்கொள்ளும், நன்றாகக் கனிந்ததில் ஃப்ரக்டான் (இந்தச் சர்க்கரைகளில் ஒரு வகை) கூடிவிடும். அதனால் ஒரு சமையலறைத் தராசும் வாங்குங்கள், கோப்பைக் கணக்கை நம்பாதீர்கள்.

"குளூட்டன் இல்லை" என்ற அட்டையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அதற்குள் வெங்காயப் பொடி இருக்கலாம். "நார்ச்சத்து சேர்த்தது" என்று விற்கும் பிஸ்கட்டிலும் தயிரிலும் பெரும்பாலும் இன்யுலின் இருக்கும், அதுவும் ஃப்ரக்டான்தான்.

இரண்டு முதல் ஆறு வாரம். அதற்கு மேல் போகக் கூடாது. ஒழுங்காகச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் உங்கள் பிரச்சினை இந்தச் சர்க்கரைகள் இல்லை, பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டு மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

படி 4: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது

என்னை அதிகம் படுத்தியது இதுதான். வயிறு அமைதியானதும் "நல்லாத்தானே இருக்கு, ஏன் கிளறணும்" என்று தோன்றும். கிளறித்தான் ஆக வேண்டும். இத்தனை நாள் ஒரேயடியாக விலக்கியதில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மற்றதெல்லாம் சும்மா பட்டினி. நீண்ட நாள் விலக்கியே வைத்திருந்தால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவும் குறையும், கால்சியம், நார்ச்சத்து எல்லாம் அடிபடும்.

ஒரு நேரத்தில் ஒரு வகை மட்டும். பாலை எடுத்துக்கொண்டால் முதல் நாள் கால் கோப்பை, மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒரு கோப்பை. இடையில் தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் இடைவெளி, வயிறு பழையபடி அடங்கிய பிறகு அடுத்த வகை. சோதனை நடக்கும்போது மற்ற சாப்பாடு விலக்கிய நிலையிலேயே இருக்க வேண்டும், பாலில் தேறிவிட்டோம் என்று அதையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததைச் சோதித்தால் கணக்கு குழம்பும்.

சோதிக்கும் பொருளில் ஒரே ஒரு வகைச் சர்க்கரை இருக்க வேண்டும். லாக்டோஸுக்குப் பால், ஃப்ரக்டோஸுக்குத் தேன், சர்பிடாலைப் போன்ற மானிடாலுக்குக் காளான், பயறு வகைகளுக்குக் கொண்டைக்கடலை. ஆப்பிள் வேண்டாம், அதில் ஃப்ரக்டோஸும் சர்பிடாலும் இரண்டும் உண்டு, வலித்தால் யாரைப் பிடிப்பது? பீட்சா சாப்பிட்டுச் சோதிக்கிறேன் என்பவர்களைக் கும்பிட்டுவிட வேண்டியதுதான். கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் இருப்பது ஃப்ரக்டான்தான் என்றாலும் மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ரொட்டியைத் தாங்கும் வயிறு பூண்டைத் தாங்காமல் போகலாம்.

அடுத்து நேரம். சாப்பிட்டவுடனே கழிப்பறைக்கு ஓடினால் அந்தச் சாப்பாட்டைத்தான் திட்டுவோம். ஆனால் வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைவது இயல்பான அனிச்சைச் செயல், வெளியே வருவது பெரும்பாலும் நேற்றையதோ முந்தாநாளையதோ. சர்க்கரை பெருங்குடலைச் சேர்ந்து புளிக்கச் சில மணி நேரம் ஆகும். ஆகவே மதியம் வலித்தால் மதியச் சாப்பாட்டை மட்டும் பார்க்காமல் நோட்டில் ஒரு நாள் பின்னால் போய்ப் பாருங்கள். தேர்வு, இடம் மாறுவது, தூக்கமில்லாத வாரம், மாதவிடாய் நெருங்கும் நாள்கள், இப்போதெல்லாம் சோதனை வேண்டாம், வயிறு தானாகவே படுத்தும்.

படி 5: உங்கள் பட்டியல்

தேறியவை எல்லாம் திரும்ப வரட்டும். தேறாதவற்றில் எந்த அளவு வரை தாங்கியதோ அந்த அளவு வரை சாப்பிடலாம், ஆனால் தாங்கும் அளவில் நாலு பொருளை ஒரே வேளையில் சேர்த்தால் கூட்டுத்தொகை எல்லை மீறும். சில மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள், தாங்கும் சக்தி மாறும்.

பிற்சேர்க்கை: எல்லாவற்றையும் விலக்கியும் வயிறு போகிறது என்று எழுதியிருந்த ஒருவர், இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தார். பல சிரப்புகளில் இனிப்புக்குச் சர்பிடால் சேர்ப்பார்கள், லேபிளைப் பாருங்கள். சர்க்கரையில்லா சூயிங்கமும் அப்படியே.

இன்னொன்று: எடை ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், உணவியல் நிபுணர் கூட இருக்க வேண்டும்.

பூண்டு இல்லாமல் முடியாது என்று கேட்டவர்களுக்கு: ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி, வாசம் ஏறியதும் பல்லை எடுத்துவிட்டு, பிறகுதான் தண்ணீரோ காயோ சேர்க்க வேண்டும். குழம்பில் போட்டுவிட்டுப் பல்லைப் பொறுக்கி எடுப்பதில் பயனில்லை, அதற்குள் கரைந்திருக்கும். அந்த எண்ணெயை மொத்தமாகச் செய்து வெளியே வைக்காதீர்கள், பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நச்சு அதில் உருவாகலாம். அன்றன்றைக்குச் செய்துகொள்வது நல்லது.