மங்கிப்போன தாத்தாவின் கையெழுத்தை மீட்ட கதை

தாத்தாவின் கையெழுத்து எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கடிதத்தின் அடியில்தான். மடித்து மடித்துப் படித்ததில் மடிப்பு சரியாகக் கையெழுத்தின் மேலேயே விழுந்திருந்தது. மையும் வெளிறிப் பழுப்பாகிவிட்டது.

இதற்கு முன்னால் ஒரு தப்பு செய்திருந்தேன். பாட்டி கையெழுத்துப் போட்ட தாளை லேமினேட் செய்துவிட்டேன். சூட்டில் உருகிய பசை தாளோடு ஒட்டிக்கொண்டது. இனி பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் அப்படித்தான், நாளாக ஆக மஞ்சள் கறை விட்டுவிடும்.

அதனால் தாத்தாவின் கடிதத்தைத் தொடாமல் ஸ்கேன் மட்டும் செய்தேன். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), வண்ணத்தில், தரம் குறையாத டிஃப் படக் கோப்பாக. கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் அடுத்த வேலை நடந்திருக்காது. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களையும், அதாவது நிற அடுக்குகளையும், பிரித்துப் பார்த்தேன். சிவப்பில் எழுத்தையே காணோம். நீலத்தில் பளிச்சென்று வந்தது! பழுப்பு நிறம் நீல ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் அங்கே மை கறுப்பாகத் தெரிகிறது. தாளும் கொஞ்சம் இருண்டது. வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸ் கருவியில் சரிசெய்தேன்.

கடைசிச் சுழி மட்டும் பிடிபடவில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். மை போன இடத்திலும் பேனா பதிந்த பள்ளம் நிழலாகத் தெரிந்தது. அழுத்தி எழுதுகிற மனுஷன், நல்லவேளை.

அசல் கடிதம் இப்போது அமிலமற்ற உறையில், மடிக்காமல், வெளிச்சம் படாத இடத்தில் இருக்கிறது. திருத்தாத ஸ்கேனையும் தனியாக வைத்திருக்கிறேன். அப்புறம் அப்பாவின் கையெழுத்தையும் எடுத்தாயிற்று. அதை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. அவர் இன்னும் காசோலையில் போடுவது அதுதானே.