கறுத்துப்போன கால்நகமும் அரை சைஸ் பெரிய ஷூவும்

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடினால் எந்த வம்பும் இல்லை. அதே ஷூவோடு குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சாலைகளில் ஓடினால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். வினை இறக்கத்தில்தான். பாதம் முன்னால் சறுக்கி, ஒவ்வொரு அடிக்கும் நகம் ஷூவின் முனையில் இடிக்கிறது. நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கவும் செய்யும். நம்மூர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

கடைக்காரர் மெத்தை கூடுதலாக உள்ளதைக் காட்டினார். விலையும் கூடுதல். எனக்கு வேண்டியது மெத்தை இல்லை, இடம். பாதம் சற்றுப் பெருத்திருக்கும் சாயங்கால நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு மறுபடி போனேன். ஷூவுக்குள் பாதத்துக்கடியில் கிடக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நின்று பார்த்தேன். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். வழக்கத்தைவிட அரை சைஸ் பெரிதாக, முன்பக்கம் அகலமான ஒன்று அமைந்தது.

சரி, பெரிய ஷூவில் குதிகால் ஆடுமே? மேலே சும்மா கிடக்கும் கடைசித் துளையில் நாடாவை அதே பக்கம் நுழைத்துச் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் கோத்து இழுத்துக் கட்டினேன். ஆட்டம் நின்றது. பருத்தி சாக்ஸையும் விட்டாச்சு. ஐப்பசி மழையில் நனைந்தால் கொப்புளம்தான்.

மராத்தானின் 42.195 கிலோமீட்டருக்குப் புது ஷூவை நேராகப் போடாதீர்கள். சில வாரம் ஓடிப் பழக்குங்கள், அந்த இறக்கங்களிலும்.